உயர்ந்த நாடுகளின் பட்டியலும் அம்மாவின் தொழிலும்

1

“ஏட்டி, நீ படிச்சு எந்த நாட்டுக்கு ராணியாட்டுப் போவப்போறா? நாள முதல் அம்மைகூட வா. தல்லுறதுக்கு ஆளு வேணும்.”

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த கோடையில், அண்டியாபீஸ் வாசலில் வைத்து மேஸ்திரி என்னிடம் கேட்டது இது. அம்மாவுக்கு மதியச் சோறு கொண்டுபோயிருந்தேன். குலசேகரம் பக்கத்தில் முந்திரி ஆலைக்கு அண்டியாபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு யாரும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி உடைப்பார்கள். அதுதான் தல்லு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்னும். அதற்காகக் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். சாம்பலையும் தாண்டித் தின்னும்.

“எந்த நாடுன்னு போயிட்டு வந்து சொல்லுதேன்” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மேஸ்திரி சிரித்தார். பக்கத்து வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பதினான்கு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது டென்மார்க்கில், ஆர்ஹூஸ் என்ற ஊரில் இருக்கிறேன். காற்றாலை இறக்கைகளில் விரிசல் எங்கே விழும், எப்போது விழும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவருக்கு வாசிக்கத் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த நாட்டில் உண்மையாகவே ஒரு ராணி உண்டு. அந்த வேலை காலியாக இல்லை. மற்றபடி மேஸ்திரிக்குப் பதில் சொல்லியாயிற்று என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

2

உலகின் சிறந்த நாடுகள் என்று ஒவ்வொரு வருடமும் பட்டியல் வருகிறது. ஒன்றல்ல, பல. மகிழ்ச்சிக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, லஞ்சம் இல்லாமைக்கு ஒன்று. பெயர்கள் கொஞ்சம் முன்பின்னாக மாறும். ஆனால் மேலே இருப்பவை ஏறக்குறைய அதே நாடுகள்தான். இங்கே அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை நான் உற்சாகமாகச் சொன்னபோது, “மழையைக் கணக்கில் எடுத்தார்களா?” என்று ஒருவர் கேட்டுவிட்டுத் தன் திரைக்குத் திரும்பினார்.

எடுத்துக்கொள்பவர்கள் நாங்கள்தான். எங்கள் பொறியியல் கல்லூரி வாட்ஸப் குழுவில் பட்டியல் வந்த அன்றைக்கு ஒரு தேர்தலே நடக்கும்.

சூரிச்சில் இருக்கும் பெனிட்டா ஆரம்பித்தாள். “மக்கா, பாத்தியா? எங்க ஊரு மேல, உனக்க ஊரு கீழ.”

டொரான்டோவில் இருக்கும் சஜின், “உங்க ரண்டு நாட்டையும் சேர்த்து எங்க ஒரு ஏரிக்குள்ள போட்டுரலாம். ஒதுங்குங்கட்டி” என்றான்.

நான் விடவில்லை. “எங்க ஊருல பிள்ளைய வண்டியில உறங்கப்போட்டு கடை வாசல்ல விட்டுட்டு, உள்ள போயி நிம்மதியாட்டு காப்பி குடிக்கலாம். உங்களுக்கு ஒக்குமா?”

‘எங்க ஊரு’ என்று எழுதியிருந்தேன். கை தானாக எழுதியது. எனக்கு அப்போது ஆறாம் மாதம். அந்த வண்டியில் என் பிள்ளையும் உறங்குவதாக மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

அதே நாள் பிற்பகலில், என் பேறுகாலம் பார்க்க வரவிருந்த அம்மாவின் விசா விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. அச்சடித்த தாளில் இரண்டு கட்டங்களில் குறி போட்டிருந்தார்கள். வருகையின் நோக்கம் நம்பத்தக்க முறையில் நிறுவப்படவில்லை என்பது ஒன்று. அனுமதிக் காலம் முடிவதற்குள் திரும்பிச் செல்வார் என்பதில் நியாயமான ஐயம் உள்ளது என்பது இன்னொன்று. மறுப்பு.

குழுவில் சஜின் இன்னும் ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

3

என் கணவர் ஜெபின் மார்த்தாண்டத்துக்காரர். எதையும் அட்டவணை போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இந்த நாட்டிலேயே இருந்துவிடுவதா, வேறு எங்காவது போவதா என்ற பேச்சு எங்களுக்குள் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு தாளில் நாடுகளை மேலே எழுதி, வரி, வாடகை, விடுமுறை, வெயில், குழந்தைகள் காப்பகம் என்று பக்கவாட்டில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தார்.

நான் இரண்டு நாடுகளில் வாழ்ந்திருக்கிறேன். மேற்படிப்பு ஜெர்மனியில். அங்கே எல்லாம் தபாலில் வரும். வீடு மாறினால் பதிவு, பதிவுக்குச் சந்திப்பு நேரம், அந்த நேரம் கிடைக்க ஆறு வாரம். குப்பையைத் தவறான தொட்டியில் போட்டால் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து சொல்வார். அவர் பெயர் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. டென்மார்க்கில் எல்லாம் ஆளுக்குத் தரும் ஒரு எண்ணுக்குள் அடக்கம். வரி, வங்கி, மருத்துவர், நூலகம் எல்லாம் அதிலேயே. யாரும் இறங்கி வந்து எதுவும் சொல்வதில்லை. நான்கு வருடத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் பேசிய சொற்களை எண்ணிவிடலாம். இரண்டும் உயர்ந்த நாடுகள்தான். ஒன்றில் திட்டுவாங்கிப் பழகினேன். மற்றதில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் பழகினேன்.

மொழி வேறு. ஐம்பது, அறுபது, எழுபது மூன்றும் டேனிஷில் எனக்கு இன்னும் இடம் மாறும். ஒரு கூட்டத்தில் இறக்கையின் நீளத்தில் பத்து மீட்டரைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் மின்னஞ்சலில் சரியான எண்ணை மட்டும் போட்டு அனுப்பினார்கள். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுப்பு வந்த வாரத்தில் ஜெபினின் தாளில் நான் பென்சிலால் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: அம்மா வரலாமா? எவ்வளவு நாள்?

அதற்குப் பதில் தேடியபோது பட்டியலே வேறு மாதிரி ஆகிவிட்டது. சுவிட்சர்லாந்தும் எங்களைப் போலத்தான்: மூன்று மாதம், அதுவும் நம்பினால். கனடாவில் பெற்றோர் வருடக்கணக்கில் தங்கிப்போக ஒரு விசா உண்டு. நியூசிலாந்தில் பெற்றோரின் விண்ணப்பங்களைக் குலுக்கிப்போட்டு எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் வரிசை. வரிசை நகர்வதற்குள் பெற்றோர் இருப்பார்களா என்பது அவரவர் அதிர்ஷ்டம். எந்தப் பட்டியலின் உச்சியிலும் நான் பார்த்தேயிராத மஸ்கட்டில், என் சித்தி மகன், தன் சம்பளம் ஒரு அளவைத் தாண்டியதும் சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் அந்த நாடு அவனுடையது ஆகாது. ஆனால் இன்றைக்குச் சித்தி அவன் வீட்டில் மீன் பொரிக்கிறாள்.

“இப்போ சொல்லு, எது நல்ல நாடு?” என்று ஜெபினிடம் கேட்டேன்.

“வெயிலுக்கு எத்தன மார்க்கு, அம்மைக்கி எத்தன மார்க்குன்னு முதல்ல நீ சொல்லு. பொறவு கூட்டிப் பாக்கலாம்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

4

விண்ணப்பத்தை நிரப்பியது நான். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

படிவம் எழுதுவது எனக்கு வெறும் வேலையல்ல. பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் தெருவுக்கு நான்தான் எழுதுவேன். ரேஷன் அட்டை, விதவைப் பென்ஷன், வங்கிச் செலான், பாஸ்போர்ட் எல்லாம். “தங்கபாய்க்க மொவ பாரம் எழுதினா திரும்பி வராது” என்று சொல்வார்கள். பிளஸ் டூ படிக்கும்போது மேஸ்திரியே தன் மகனின் பாஸ்போர்ட் படிவத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நிறுத்தியே எழுதிக் கொடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து, “அவருக்கு இருக்க ஒரு கசேர போடுட்டி” என்றாள். போடவில்லை.

அப்படிப்பட்டவள் எழுதிய படிவம் திரும்பி வந்தது.

முதலில் ஜெபின் ஒரு காரணம் கண்டுபிடித்தார். எங்கள் ஊரில் எந்த விண்ணப்பமானாலும் சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வைப்பது வழக்கம். பள்ளியில் சேர, கடன் வாங்க, ஆஸ்பத்திரியில் சலுகை கேட்க, எல்லாவற்றுக்கும் போதகரின் கையெழுத்து வேண்டும். நானும் அம்மாவை வாங்கச் சொன்னேன். போதகர் நல்ல மனதோடு நீளமாக எழுதியிருந்தார். மகளின் பேறுகாலம் பார்க்கச் செல்கிறார்; எங்கள் சபையில் பேறுகாலம் பார்ப்பதில் மிகுந்த அனுபவமும் திறமையும் உள்ளவர்; இவரால் பயன்பெற்ற குடும்பங்கள் பல. நான் அதை அப்படியே மொழிபெயர்த்து இணைத்தேன்.

ஜெபின் இரண்டாம் தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார். “ஷீபா, இது விசாவுக்கு எழுதினதா, வேலைக்குச் சிபாரிசா? அத்தை இஞ்ச வந்து பேறுகால ஆஸ்பத்திரி தொடங்கப்போறான்னு நினைச்சிருப்பானுவ.”

நானும் சிரித்தேன். அதில் நிம்மதியும் இருந்தது. தவறு போதகருடையது என்று ஆகிவிட்டால் நல்லதுதானே. ஆனால் இரண்டாவது கட்டத்துக்கு அந்தக் கடிதம் பதில் சொல்லவில்லை. திரும்பிப் போவாரா என்று ஏன் ஐயப்பட்டார்கள்? அதன் பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருந்தேன்.

தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தேன்.

5

அதை ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு என்னிடம் தயாராக ஒரு சமாதானம் இருந்தது. வேலை என்று எழுதினால் சான்றிதழ் வேண்டும், அதற்கு அம்மா அலைய வேண்டும், ஒருநாள் கூலி போகும். அம்மாவிடமும் அதையே சொன்னேன். “கேட்டா வீட்டுலதான்னு சொல்லுங்கம்மா, போதும்.”

கொச்சியில் விசா மையத்தில் அம்மாவின் விரல்களை இயந்திரம் எடுக்கவில்லை. அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைக்கச் சொன்னாள், மறுபடி வைக்கச் சொன்னாள். பத்து விரலில் நான்குதான் பதிந்தன. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். அம்மா நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். அந்தப் பெண் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், எதையோ தட்டச்சு செய்தாள். அன்றைக்கே அம்மா இதையெல்லாம் போனில் சொன்னாள். நான் “அது பரவாயில்லம்மா” என்றேன்.

மறுப்புக் கடிதத்தை என் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் கிர்ஸ்டனிடம் காட்டினேன். அவளுக்கும் என் வயதுதான். டேனிஷில் எழுதியிருந்த ஒரு பத்தி சரியாகப் புரியாமல் கேட்டேன். மதிய உணவு நேரம். கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே வாசித்தாள்.

“உன் அம்மா வேலைக்கே போனதில்லையா?”

நான் என் சோற்று டப்பாவைத் திறந்தேன்.

“வேலை இல்லை, மகள் இங்கே, பேரப்பிள்ளை இங்கே. அப்புறம் எதற்குத் திரும்பிப் போவார் என்று கேட்கத்தானே செய்வார்கள்?” என்றவள், “என் அம்மா துறைமுகத்தில் மீன் வெட்டும் ஆலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவள் கை மணக்கும். சின்ன வயதில் எனக்கு அந்த வாசனை பிடிக்காது” என்றாள். சொல்லும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெண்ணெயை ஓரம்வரை இழுத்துத் தடவுவதில்தான் கவனமாக இருந்தாள்.

நான்கு வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் அம்மாவைப் பற்றி அவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். சமையல், பாட்டு, சபை, அவள் வளர்க்கும் ஆடு. ஆலையைச் சொன்னதில்லை. என்னை முதல் தலைமுறை என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பெருமைதான். முந்தைய தலைமுறை என்ன செய்தது என்று கேட்கும் இடம் வரும்போது பேச்சை மாற்றிவிடுவேன்.

அன்றைக்கே அம்மாவை அழைத்தேன். ஊரில் சாயங்காலம். அம்மா வேலை முடிந்து வந்து, தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை விண்ணப்பிக்கலாம், இந்தத் தடவை ஆபீஸிலிருந்து சான்றிதழ் வேண்டும் என்றேன்.

“அதெதுக்கு? போன தடவ வேண்டாம்னு நீதானே சொன்னா?”

“போன தடவ நான் வேலைய எழுதலம்மா.”

“நீ என்ன எழுதினா பின்ன?”

“வீட்டுல இருக்கதாட்டு.”

அம்மா குழாயை அடைக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ முப்பத்தொரு வருசமும் நான் வீட்டுல கெடந்தேன்னா நீ எழுதியிருக்கா?”

“அலைய வேண்டாம்னுதான்…”

“வெக்கமாட்டு இருந்தோ மக்களே?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“கொள்ளாம்” என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் ‘நல்லது’ என்றுதான் பொருள்படும். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. “எனக்கு அந்தக் கொச்சிப் பிள்ளகிட்டப் பொய் சொன்னதுதான் சங்கடம். அது எனக்க கையப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம இருந்துது. செரி, சோறு வடிக்கணும். நாளைக்குக் கிளார்க்குகிட்டக் கேக்கேன்.”

6

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று இதை வாசிக்கும் ஊர்க்காரர்கள் கேட்கலாம். இந்த நாட்டில் பிரசவத்துக்கு ஒரு காசு கிடையாது, மருத்துவச்சி அன்பானவள், தாதி வீட்டுக்கே வந்து பார்ப்பாள், ஜெபினுக்கும் விடுப்பு உண்டு. எல்லாம் உண்மை. ஆனால் நான் தமிழ்ச் சாமான் வாங்கும் கடையை நடத்துவது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவருடைய மகனுக்கு எட்டு வயது. தமிழில் என்ன கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்வான். “விளங்கும், ஆனா கதைக்க மாட்டான். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டம், கதைக்க ஆர் இருந்தது?” என்றார் அக்கா. அவர் அதைச் சொல்லிவிட்டுப் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதத்தில் எதுவும் பேசிக்கொடுத்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் பிள்ளை முதலில் கேட்கும் சத்தங்களில் அம்மாவின் பேச்சு இழுவையும் இருக்க வேண்டும். அவள் குளிப்பாட்ட வேண்டும். எனக்கே அவள் வேண்டும்.

கடை வாசலில் தள்ளுவண்டிகள் நிற்பதை ஒருநாள் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். “பிள்ளைய மஞ்சுக் குளிருக்குள்ள போட்டுட்டா உள்ள இருந்து காப்பி குடிக்குதாளுவ? யாருமே எடுத்து ஒக்கல்ல வைக்க மாட்டினுமா?” என்றாள். அதுதான் இந்த நாட்டின் பெருமை என்று விளக்கினேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் முன்புபோல் அதை அடித்துச் சொல்ல முடியவில்லை.

சான்றிதழ் பத்து நாளில் கிடைத்தது. கிளார்க் ஆலையின் முத்திரை போட்டு எழுதியிருந்தார். தங்கபாய், தல்லுப் பிரிவு, முப்பத்தொரு வருடத் தொடர் பணி, மூன்று மாத விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது, விடுப்பு முடிந்ததும் பணியில் சேருவார். அம்மாவின் வாழ்க்கையில் எழுத்தில் கிடைத்த முதல் விடுப்பு அது. என்னைப் பெற்றபோதுகூட அவளுக்கு விடுப்பு இல்லை. போகாத நாளுக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்.

படிவத்தில் தொழில் என்ற இடத்தை இந்தத் தடவை நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முந்திரி ஆலைத் தொழிலாளி. அழைப்புக் கடிதத்தில்தான் நின்றுவிட்டேன். ஐயம் நீங்க வேண்டுமென்றால் நான் அதில் ஒரு வாக்கியத்தை எழுதியே ஆக வேண்டும்: விடுப்பு முடியும் நாளில் என் தாய் ஊர் திரும்பித் தன் வேலையில் மறுபடி சேருவார், அதற்கு நான் பொறுப்பு.

ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் முதல் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே, இனி ஆபீஸுக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னவள் நான். அன்றும் அவள் கேட்கவில்லை, அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்லியும் கேட்கவில்லை. அவளை அங்கிருந்து எழுப்புவதற்காகத்தான் இத்தனை நாடுகள். இப்போது அவளை அதே தரையில் மறுபடி உட்கார வைப்பதாக என் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிதான் அவளை என்னிடம் சேர்க்கும்.

அம்மாவிடம் கேட்டேன். “அம்மா, இது எழுத்துக்கு எழுதுததுதான். திரும்பிப் போன பொறவு நீங்க ஆபீஸுக்குப் போவண்டாம், செரியா?”

“அதெப்படி? பென்ஷனுக்கு இன்னும் ரண்டு வருசம் கெடக்கு. வீட்டுல இருந்து யாருக்க மொவத்தப் பாக்க?”

“கை என்ன கதியில இருக்கு பாத்தீங்களா?”

“எனக்க கைய நான் பாக்காததா? ஏட்டி, ஒருக்க நீ இல்லாதத எழுதி அனுப்பினா. ரண்டாமத்தும் இல்லாததத்தான் எழுதப்போறியா? நான் வருவேன், பிள்ளையக் குளிப்பாட்டுவேன், உனக்கு மருந்து காய்ச்சித் தருவேன், பொறவு எனக்க வேலைக்குப் போவேன். அப்படியே எழுது.”

அப்படியே எழுதினேன். அம்மா சொன்ன வரிசையிலேயே, குளிப்பாட்டுவதையும் மருந்து காய்ச்சுவதையும் விடாமல் எழுதினேன். கடைசி வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவும் அப்பாவும் குழித்துறையில் ரயிலேறி, மதியத்துக்குள் கொச்சியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். புதன்கிழமை அம்மா வேலைக்குப் போய்விட்டாள்.